அந்தக் கோடு யாருடையது?

கிண்ணியாவில் ஒரு பட்டி

2017 ஆம் ஆண்டு பிறந்த கையோடு கிண்ணியாவை டெங்கு பிடித்துக்கொண்டது. காய்ச்சல்காரர் இல்லாத ஒழுங்கையைத் தேட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இலங்கை முழுவதும் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர் என்ற சந்தேகத்தில் பதிவாகியிருந்தார்கள். அதுவரை நாடு கண்டிராத கணக்கு அது. எண்ணிக்கையில் மேல்மாகாணம் முன்னுக்கு நின்றாலும், முதலில் அடிவாங்கிய இடங்களில் ஒன்று கொட்டியாரக் குடாவின் ஓரத்திலுள்ள இந்த ஊர்.

டெங்குக் காலம் வந்தால் எல்லார் வாயிலும் புழங்கும் பரிசோதனை ‘என்எஸ்-1’. விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்ரிக் கூடு. ஒரு முனையில் சிறு குழி, நடுவில் வெள்ளைப் பட்டி. குழியில் குருதியை விட்டுவிட்டுப் பதினைந்து இருபது நிமிடம் காத்திருந்தால் பட்டியில் செங்கோடு எழும்பும். ஒரு கோடு என்றால் ‘இல்லை’, இரண்டு கோடு என்றால் ‘டெங்கு’.

இங்கேதான் பலருக்கும் குழப்பம். காய்ச்சல் தொடங்கி ஆறாம் நாள் ஒருவர் போய்ப் பரிசோதிக்கிறார். ஒற்றைக் கோடுதான் வருகிறது. ஆனால் வைத்தியர் அவரை வீட்டுக்கு விடவில்லை. குருதிச் சிறுதட்டுக்களை நாளுக்கு இரு தடவை எண்ணச் சொல்கிறார், டெங்கு வாட்டிலேயே வைத்திருக்கிறார். “ரிப்போர்ட்டில் இல்லையென்று இருக்கே டொக்டர்!” என்று உறவினர் கேட்பது நியாயமான கேள்விதான். ரிப்போர்ட் பொய் சொன்னதா? டொக்டர் தவறா? இரண்டும் இல்லை. அந்தக் கோடு எதைப் பார்த்து எழும்புகிறது என்பது தெரிந்தால் குழப்பம் தீர்ந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டால், முதுமையைப் பற்றி ஆராயும் உலகத்துப் பெரிய ஆய்வுகூடங்களில் நடக்கும் ஒரு சண்டையும் நமக்கு விளங்கும். இரண்டிலும் வேலைசெய்வது ஒரே இன மூலக்கூறு.

மச்சத்தை மட்டும் தெரிந்தவன்

அந்த மூலக்கூறின் பெயர் பிறபொருளெதிரி. இலங்கைப் பாடநூல்களில் இப்படித்தான் படித்திருப்போம். தமிழ்நாட்டுக்காரர் எதிர்ப்பொருள் என்பார்கள். நமது குருதியில் கோடிக்கணக்கில் மிதப்பது. உருவத்தில் இரு கைகளை மேலே விரித்த கவண் போன்றது. இரு கைகளின் நுனியிலும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் மேடு எதிர்ப்பட்டால் பற்றிக்கொள்ளும்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட சரம்; சில நூறு அமிலங்கள் இருக்கும். அவ்வளவு பெரிய புரதத்தில் பிறபொருளெதிரியின் பள்ளம் தொடுவது சில அமிலங்கள் சேர்ந்த ஒரு சிறு திட்டை மட்டுமே. அந்தத் திட்டை இந்த அத்தியாயத்தில் ‘பற்றிடம்’ என்று சொல்லுவோம்.

ஒருவரை முகம், நடை, குரல் ஒன்றும் தெரியாமல், காதோரத்து மச்சத்தை மட்டும் வைத்து அடையாளம் காண்பவனைக் கற்பனை செய்யுங்கள். பிறபொருளெதிரி அவனைப் போன்றது. தேடும் ஆள் கையால் காதைப் பொத்திக்கொண்டு நின்றால் இவனுக்குத் தெரியாது. அதே இடத்தில் மச்சமுள்ள வேறொருவர் வந்தால் அவரைப் பிடித்துக்கொள்வான், சந்தேகமே இல்லாமல்.

என்எஸ்-1 பட்டிக்குத் திரும்புவோம். டெங்கு வைரஸ் புகுந்த கலங்கள் என்எஸ்-1 என்ற புரதத்தைக் குருதிக்குள் விடுகின்றன. பட்டியின் தொடக்கத்தில் நுண்ணிய பொன் துகள்கள் ஒட்டிய பிறபொருளெதிரிகள் காய்ந்து கிடக்கும். அந்த அளவு சிறுத்த பொன் மஞ்சளாகத் தெரியாது, சிவப்பாகத் தெரியும். குருதியின் ஈரம் பட்டதும் அவை என்எஸ்-1 ஐப் பற்றிக்கொண்டு பட்டி வழியே ஊர்ந்து போகும். நடுவழியில், அதே புரதத்தின் இன்னொரு பற்றிடத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரிகள் ஒரு கோடாகப் பூசப்பட்டிருக்கும். வந்த புரதத்தை அவை மறிக்கும். பொன் அங்கே குவியும், கோடு சிவக்கும்.

அதற்கும் அப்பால் உள்ள கோடு கட்டுப்பாட்டுக் கோடு. அது வைரஸைப் பற்றி எதுவும் சொல்லாது. பொன் ஒட்டிய பிறபொருளெதிரியையே பிடித்து, ‘ஈரம் இங்கேவரை வந்தது, பட்டி வேலை செய்கிறது’ என்று மட்டும் அறிவிக்கும்.

ஆறாம் நாள் நோயாளிக்கு வருவோம். காய்ச்சலின் முதல் சில நாட்களில் குருதியில் நிறைந்திருக்கும் என்எஸ்-1 பிறகு குறையத் தொடங்கும். அது ஒரு காரணம். இரண்டாவது காரணம்தான் சுவையானது. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. முன்னொரு தடவை ஒரு வகை வந்து போனவருக்கு இன்னொரு வகை தொற்றினால், அவருடைய உடல் பழைய நினைவில் விரைவாகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்கிவிடும். அவை என்எஸ்-1 மீது போய் அப்பிக்கொள்ளும். புரதம் குருதியில் இருக்கிறது, பற்றிடம் மூடிக் கிடக்கிறது. பட்டியால் பிடிக்க முடியாது. பெரும்பாலும் இரண்டாம் டெங்குதான் ஆபத்தானது என்பதால், ஒற்றைக் கோட்டை நம்பி நோயாளியை வீட்டுக்கு அனுப்ப அனுபவமுள்ள வைத்தியர் துணியமாட்டார்.

குதிரையும் முயலும் சுறாவும்

ஆய்வுகூடத்துக்குப் பிறபொருளெதிரி எங்கிருந்து கிடைக்கிறது? விலங்குகளிடமிருந்துதான். மூதூர், கந்தளாய் வயல்களில் கண்ணாடி விரியன் கடித்து வைத்தியசாலைக்குப் போய்ப் பிழைத்தவர்களில் பலர் குதிரையின் பிறபொருளெதிரியால் பிழைத்தவர்களே. இலங்கை நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் பாம்பு நஞ்சு மருந்து இந்தியாவில் செய்யப்படுவது. நாகம், கண்டங்கருவளை, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியில் உருவாகும் பிறபொருளெதிரிகளைப் பிரித்தெடுக்கிறார்கள்.

இலங்கையின் ஈரவலயத்தில் பலரைக் கடிக்கும் இன்னொரு விரியன் உண்டு. மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த சிறிய பாம்பு. அதன் நஞ்சை அந்தக் குதிரைகள் கண்டதில்லை. ஆகவே அந்தக் கடிக்கு அந்த மருந்து உதவுவதில்லை. கண்ணாடி விரியன் விஷயத்தில்கூட, இந்தியப் பாம்பின் நஞ்சுக்கு எதிராகச் செய்த மருந்து இலங்கைப் பாம்பின் நஞ்சுக்கு அதே அளவு பொருந்துவதில்லை என்பது இங்குள்ள வைத்தியர்களின் நெடுநாள் முறைப்பாடு. பெயர் ஒன்றுதான், பாம்பும் ஒன்றுதான். நஞ்சுப் புரதத்தின் திட்டுகளில் மட்டும் சிறு வேறுபாடு.

ஆய்வுகூடத்துக்குக் குதிரை பெரிது. முயல் போதும். தேடும் புரதத்தையோ அதன் ஒரு துண்டையோ முயலுக்கு ஏற்றினால், அதன் உடல் பல பற்றிடங்களுக்குப் பலவிதமான பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். இப்படிக் கிடைப்பது ஒரு கலவை. அந்த முயல் இறந்தால் அந்தக் கலவையும் போய்விடும். அடுத்த முயல் அதே கலவையைத் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இந்தத் தொல்லைக்கு 1975 இல் கேம்பிரிட்ஜில் ஜோர்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் வழி கண்டார்கள். ஒரே ஒரு வகைப் பிறபொருளெதிரியை மட்டும் செய்யும் எலியின் கலத்தை, சாகாமல் பெருகும் புற்றுநோய்க் கலத்தோடு இணைத்தார்கள். அந்தக் கலவழி இருக்கும்வரை ஒரே பற்றிடத்தைப் பிடிக்கும் ஒரே வகைப் பிறபொருளெதிரி வந்துகொண்டிருக்கும். ‘ஓர்வழிப் பிறபொருளெதிரி’ என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கண்டுபிடிப்புக்கு அவர்கள் காப்புரிமை எடுக்கவில்லை. 1984 இல் நோபல் பரிசு வந்தது. காப்புரிமை எடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பணத்தைப் பற்றிப் பிரித்தானியாவில் பல ஆண்டுகள் புலம்பினார்கள்.

சுறாவையும் சொல்லாமல் விட மனமில்லை. நிலாவெளிக்கு அப்பால் புறாத்தீவில் முக்குளிப்பவர்கள் கறுப்புச் செட்டை நுனியுள்ள சிறு சுறாக்களைப் பார்த்திருப்பார்கள். சுறாக்களின் குருதியில், நமது பிறபொருளெதிரிகளைவிட எளிய அமைப்புள்ள ஒரு வகை இருப்பது 1995 இல் தெரியவந்தது. அதன் பிடிக்கும் நுனி மிகச் சிறியது. நமதும் முயலினதும் நுழைய முடியாத இடுக்குகளில் அது நுழைந்து பற்றும். அதைப் பயன்படுத்த முயலும் ஆய்வுகள் தனிக் கதை.

மதுவம் கிளப்பிய ஆசை

இப்போது முதலில் சொன்ன முதுமைச் சண்டைக்கு வருவோம். அதன் நடுவில் நிற்பவை சர்டுயின் என்ற புரதங்கள். பாண் பொங்குவதற்குப் போடும் மதுவத்தில் ‘சர்-2’ என்றொரு மரபணு உண்டு. 1999 இல் அமெரிக்காவின் எம்ஐரி நிறுவனத்தில் லெனார்ட் குவாரன்ரேயின் குழு, அந்த மரபணுவின் பிரதி ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்தால் மதுவக் கலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிக காலம் வாழ்வதைக் கண்டது. அதை நீக்கினால் வாழ்நாள் குறைந்தது. மறு ஆண்டு அதன் வேலையும் தெரிந்தது. பல புரதங்களின் மேல் அசற்றைல் என்ற சிறு மூலக்கூற்றுத் துண்டு ஒட்டியிருக்கும். அதைக் கழற்றும் நொதியம் இது. கழற்றுவதற்கு என்ஏடி என்ற பொருள் வேண்டும். கலத்தின் சக்திக் கணக்கில் முக்கியமான பொருள் அது. ஆகவே உணவுக்கும் முதுமைக்கும் இடையில் நிற்கும் இணைப்பு இதுவாக இருக்கலாம் என்ற ஆசை பிறந்தது.

அந்த ஆசைக்குப் பழைய அடித்தளம் உண்டு. உணவைக் குறைத்துக் கொடுத்தால் எலிகள் நீண்ட காலம் வாழ்கின்றன என்பதை 1935 இலேயே கோர்னெல் பல்கலைக்கழகத்தில் காட்டியிருந்தார்கள்.

மனிதரில் சர்-2 இன் உறவுகள் ஏழு: சர்ட்-1 முதல் சர்ட்-7 வரை. மொத்தமாகச் சர்டுயின்கள். சில கலத்தின் கருவுக்குள், சில கலத்தின் சக்திக்கூடமான இழைமணிக்குள் குடியிருப்பவை.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் அறிவியலைவிடப் பணம் அதிகம். சிவப்பு வைனிலுள்ள ரெஸ்வெரட்ரோல் சர்ட்-1 ஐத் தூண்டும் என்ற செய்தி 2003 இல் வந்தது. அதை வைத்துத் தொடங்கிய நிறுவனத்தை 2008 இல் கிளாக்சோ ஸ்மித்கிளைன் 720 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2010 இல் பைசர் ஆய்வாளர்கள், சோதனையில் ஒட்டியிருந்த ஒளிரும் சாயமே அந்தத் தூண்டலைத் தோற்றுவித்தது என்றார்கள். 2011 இல் புழுக்களிலும் பழ ஈக்களிலும் காட்டப்பட்ட நீண்ட வாழ்நாளும் கேள்விக்குள்ளானது. 2012 இல் சர்ட்-6 கூடுதலாகக் கொண்ட ஆண் எலிகள் உண்மையிலேயே அதிக காலம் வாழ்ந்தன. இன்றும் இரு பக்கமும் ஆட்கள் உண்டு.

இந்தச் சண்டை முழுவதிலும் மீண்டும் மீண்டும் வரும் கேள்வி ஒன்று: ‘இந்த இழையத்தில் சர்டுயின் எவ்வளவு இருக்கிறது?’ அதற்குப் பதில் சொல்வது பெரும்பாலும் ஒரு முயலின் பிறபொருளெதிரி.

82 ஐத் தேடிப் போனால்

ஒரு சோதனையைப் படிப்படியாகப் பார்ப்போம். கேள்வி: உணவு குறைத்த எலியின் ஈரலில் சர்ட்-1 கூடுகிறதா? 2004 இல் ஹார்வர்ட் குழுவொன்று எலியின் பல இழையங்களில் கூடுவதாக அறிவித்தது. நோன்பும் விரதமும் பிடிக்கும் நமக்கு இந்தக் கேள்வியில் தனி ஆர்வம் வருவது இயல்பு. ஆனால் ஆண்டுக்கணக்கில் உணவைக் குறைப்பது வேறு, பகலில் உண்ணாமலிருந்து இரவில் உண்பது வேறு.

வயிறு நிறையத் தின்ற எலியின் ஈரல் துண்டு ஒன்று, குறைத்துக் கொடுத்த எலியின் ஈரல் துண்டு ஒன்று. தனித்தனியாக அரைத்து, சவர்க்காரம் போன்ற ஒரு பொருள் சேர்த்து, 95 பாகை செல்சியஸில் ஐந்து நிமிடம் சூடாக்குவார்கள். புரதங்கள் மடிப்புக் குலைந்து நூலாக நீளும். சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் எதிர் மின்னேற்றம் கொடுக்கும். பிறகு அந்தக் கலவையை ஜெலியில் வெட்டிய குழிகளில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், சிறிய புரதங்கள் விரைவாகக் கீழே ஓடும். பெரியவை மேலேயே பின்தங்கும். அருகிலுள்ள குழியில் எடை தெரிந்த நிறமூட்டிய புரதங்களை ஓடவிட்டால், எது எந்த எடை என்று வாசிக்க ஒரு அளவுகோல் கிடைத்துவிடும்.

ஜெலியிலிருந்து புரதங்களை ஒரு மெல்லிய தாளுக்கு மாற்றுவார்கள். தாளுக்கு எந்தப் புரதத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் குணம் உண்டு; பிறபொருளெதிரியையும் கண்ட இடத்தில் உறிஞ்சிவிடும். அதைத் தடுக்க, வெறுமையாக உள்ள இடங்களை வேறொரு புரதத்தால் முன்கூட்டியே நிரப்பவேண்டும். பெரும்பாலான ஆய்வுகூடங்களில் அதற்குப் பயன்படுவது கடையில் வாங்கிய ஆடை நீக்கிய பால்மாக் கரைசல். இலட்சக்கணக்கில் விலைபோகும் கருவிகளுக்கு நடுவே ஒரு பால்மாப் பக்கற் இருப்பதைப் பார்த்துப் புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள்.

அதன்பிறகுதான் சர்ட்-1 இற்கான முயல் பிறபொருளெதிரி. தாளை அதில் ஊறவைத்து இரவு முழுவதும் 4 பாகைக் குளிரில் ஆட்டிக்கொண்டிருப்பார்கள். காலையில் கழுவி, முயலின் பிறபொருளெதிரியைப் பிடிக்கும் இரண்டாவது ஒன்றைச் சேர்ப்பார்கள். இந்த இரண்டாவதன் முதுகில் ஒளி உண்டாக்கும் நொதியம் ஒன்று ஏற்றப்பட்டிருக்கும். தேவையான கரைசலை ஊற்றியதும், பிடிபட்ட இடம் மட்டும் மங்கலாக ஒளிரும். இருட்டறைக் கமரா அதைப் படமெடுக்கும். வெள்ளைப் பின்னணியில் கறுத்த கோடுகள்.

படம் வந்துவிட்டது. ஒவ்வொரு ஈரலுக்கும் இரண்டு கோடுகள் என்று வைத்துக்கொள்வோம்: ஒன்று அளவுகோலில் 80 இற்கு அருகே, மற்றது 120 இல். இவற்றில் சர்ட்-1 எது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனிதரின் சர்ட்-1 இல் 747 அமினோ அமிலங்கள். எலியில் கொஞ்சம் குறைவு. ஓர் அமினோ அமிலத்தின் சராசரி எடை 110 டால்ட்டன். ஒரு ஐதரசன் அணுவின் எடை ஏறத்தாழ ஒரு டால்ட்டன். 747 ஐ 110 ஆல் பெருக்கினால் 82,170. அதாவது 82 கிலோடால்ட்டன். அப்படியானால் 80 இற்கு அருகே உள்ள கோடுதான் சர்ட்-1, 120 இல் உள்ளது ஏதோ குப்பை. கணக்குத் தெரிந்த எந்த மாணவரும் இப்படித்தான் முடிவு செய்வார். முடிவு பிழை.

சர்ட்-1 ஜெலியில் 110 இற்கும் 120 இற்கும் இடையில்தான் ஓடும். அந்தப் புரதத்தின் இரு முனைகளும் நீண்டு, நிலையான மடிப்பில்லாமல் தளர்ந்து கிடப்பவை. அமிலத்தன்மையுள்ள அமினோ அமிலங்களும் அதில் அதிகம். அப்படிப்பட்ட புரதத்தோடு சவர்க்காரம் வழமையான அளவுக்குச் சேராது, ஓட்டம் மந்தமாகும். அளவுகோல் காட்டுவது ஓடிய தூரத்தை மட்டுமே. அதை எடை என்று வாசிப்பது நாங்கள்.

இல்லாத எலியின் சாட்சி

‘120 தான் சரி’ என்று எப்படி உறுதி செய்தார்கள்? சர்ட்-1 மரபணுவை அடியோடு நீக்கிய எலிகளை 2003 இல் இரு குழுக்கள் உருவாக்கின. அவற்றில் பெரும்பாலானவை பிறந்த சிறிது காலத்தில் இறந்துவிடும். ஆனால் கருவிலிருந்து எடுத்த கலங்களை வளர்க்கலாம். அந்தக் கலங்களை அரைத்து, சாதாரண எலிக் கலங்களுக்குப் பக்கத்துக் குழியில் ஓடவிட்டால் விடை வந்துவிடும். சாதாரணக் குழியில் இரண்டு கோடும் இருக்கும். மரபணு நீக்கிய குழியில் 120 இல் உள்ள கோடு மட்டும் காணாமல் போகும். 80 இல் உள்ளது அசையாமல் நிற்கும். சர்ட்-1 இல்லாத கலத்திலும் நிற்கும் கோடு சர்ட்-1 ஆக இருக்க முடியாது. அது அதே மச்சமுள்ள வேறு யாரோ.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் ஒரு பழைய சோதனையைப் பற்றி எச்சரிக்க வேண்டும். முயலுக்கு ஏற்றிய அதே புரதத் துண்டை நிறையச் சேர்த்தால் பிறபொருளெதிரியின் பள்ளங்கள் நிரம்பிவிடும், கோடு மறையும். ‘பார், கோடு மறைந்தது, ஆகவே இது உண்மை’ என்பார்கள். பள்ளம் நிரம்பினால் உண்மைக் கோடும் மறையும், பொய்க் கோடும் மறையும். அந்தச் சோதனை எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. இப்படியிருந்தும் பழைய கட்டுரைகளில் அது எத்தனையோ தடவை ஆதாரமாக நின்றிருக்கிறது.

நல்ல ஆய்வாளர் இன்னும் இரண்டு வேலை செய்வார். அதே புரதத்தின் வேறொரு பற்றிடத்தைப் பிடிக்கும் இரண்டாவது பிறபொருளெதிரியால் பார்ப்பார். இரண்டும் ஒரே இடத்தில் கோடு காட்டவேண்டும். எல்லாக் கலத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும் அக்டின் போன்ற புரதம் ஒன்றையும் அளப்பார். ஒரு குழியில் ஈரல் அதிகமாக விழுந்திருந்தால் சர்ட்-1 கோடும் தடிக்கத்தான் செய்யும். அதைப் பட்டினியின் விளைவு என்று எழுதிவிடக்கூடாது.

வெட்டுப்பட்ட தலை

சர்ட்-3 இன் கதை இன்னும் சிக்கல். மனிதரில் அது 399 அமினோ அமிலங்களோடு பிறக்கிறது. 110 ஆல் பெருக்கினால் 44 கிலோடால்ட்டன். இழைமணிக்குள் நுழையும்போது முன்பக்கத்து 142 அமிலங்கள் வெட்டப்படுகின்றன. மிஞ்சுவது 257, அதன் எடை 28. அங்கே வேலை செய்வது இந்த வெட்டுப்பட்ட சர்ட்-3 தான்.

உங்களிடமுள்ள பிறபொருளெதிரி எந்தத் துண்டைக் காட்டி முயலிடம் வாங்கியது என்று பாருங்கள். முன்பக்கத்து 142 இற்குள் அந்தப் பற்றிடம் இருந்தால், முழு நீளச் சர்ட்-3 மட்டும் தெரியும். இழைமணி நிறைய வேலை செய்யும் சர்ட்-3 இருந்தாலும் படம் வெறுமையாக இருக்கும். பின்பக்கத்தில் இருந்தால் 44 இலும் 28 இலும் இரு கோடுகள் வரலாம், இரண்டும் உண்மை. ஒரே கலத்தைப் பார்த்து இரு ஆய்வுகூடங்கள் இரு முடிவுக்கு வர இது போதும். சர்ட்-3 இழைமணிக்கு வெளியேயும் இருக்கிறதா என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது.

இன்னொன்று. மேலே பார்த்த சோதனையில் புரதம் வெந்து மடிப்புக் குலைந்த நூல். அந்த நூலைப் பிடிக்கும் பிறபொருளெதிரி, கலத்துக்குள் மடிந்து உருண்டிருக்கும் அதே புரதத்தைப் பிடிக்காமல் போகலாம். அதன் பற்றிடம் மடிப்புக்குள் புதைந்திருக்கும். ஆகவே ஜெலியில் தேறிய பிறபொருளெதிரியை இழையச் சீவலுக்குப் பயன்படுத்தும்போது முதலிலிருந்து பரீட்சை வைக்கவேண்டும்.

போத்தலின் மேலுள்ள பெயர்

பிறபொருளெதிரி விற்பது பெரிய வியாபாரம். ஒரே சர்டுயினுக்குப் பல நிறுவனங்களின் போத்தல்கள் கிடைக்கும். மேலே ஒட்டிய பெயர் ஒன்றாகவே இருக்கும். உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் வேறுவேறு. 2015 இல் ஆய்வாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை, சரியாக வேலை செய்யாத பிறபொருளெதிரிகளால் உலகளவில் ஆண்டுக்கு 800 மில்லியன் டொலர் வீணாகிறது என்று மதிப்பிட்டது. மொன்றியலை மையமாகக் கொண்ட ஒரு குழு, விற்பனையாளர்களையே பங்காளிகளாக்கி, மரபணு நீக்கிய கலங்களில் ஒவ்வொரு போத்தலாகச் சோதித்து முடிவுகளை வெளியிடுகிறது. நரம்பியல் சார்ந்த 65 புரதங்களுக்கான 614 பிறபொருளெதிரிகளை அவர்கள் இப்படிப் பார்த்தார்கள். தோற்றுப்போன போத்தல்களை வைத்து எழுதப்பட்ட கட்டுரைகள், சராசரியாக ஒரு புரதத்துக்கு ஒரு டசின் கிடைத்தன. விற்பனையாளர்களைக் குற்றஞ்சொல்வது இலகு. வாங்கியவர்கள் மரபணு நீக்கிய குழி ஒன்றை ஓடவிட்டுப் பார்க்காததும் கணக்கில் சேரவேண்டும் என்பது என் கட்சி.

திமிங்கிலத்திடம் கேட்பதென்றால்

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையிலிருந்து பார்த்தால், அதிர்ஷ்டம் இருந்தால் நீலத் திமிங்கிலத்தின் மூச்சு நீராவியாகச் சீறுவதைக் காணலாம். கரைக்கு இவ்வளவு அருகில் ஆழ்கடல் வரும் துறைமுகங்கள் குறைவு. 1980 களின் தொடக்கத்தில் ‘டியூலிப்’ என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கடலில்தான் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்தார்கள். நீலத் திமிங்கிலம் எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் வாழும். வீட்டெலி மூன்று ஆண்டைத் தாண்டுவது அரிது. இரண்டும் பாலூட்டி, இரண்டுக்கும் ஏழு சர்டுயின். பிறகு வாழ்நாளில் ஏன் இவ்வளவு வேறுபாடு?

2019 இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வேரா கோர்புனோவாவும் அந்திரே செலுவானொவும் இந்தக் கேள்வியைக் கொறிவிலங்குகளிடம் கேட்டார்கள். மூன்று ஆண்டு வாழும் எலியிலிருந்து முப்பது ஆண்டைத் தாண்டும் வெற்றுத்தோல் அகழெலி வரை 18 இனங்கள். நீண்ட காலம் வாழும் இனங்களின் கலங்கள், உடைந்த டிஎன்ஏயைத் திறமையாகப் பழுதுபார்த்தன. அதில் சர்ட்-6 இற்குப் பெரிய பங்கு. நீண்டகாலம் வாழும் பீவரின் சர்ட்-6, எலியின் சர்ட்-6 ஐவிட வலிமையானது. அந்த வேறுபாட்டை அவர்கள் ஐந்தே ஐந்து அமினோ அமிலங்களுக்குள் சுருக்கிக் காட்டினார்கள்.

இனி நம் கடலின் திமிங்கிலத்தில் சர்ட்-6 எவ்வளவு என்று ஒருவர் அளக்க விரும்பினால், கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் மனிதப் புரதத்தைக் காட்டி முயலிடம் வாங்கிய பிறபொருளெதிரி. திமிங்கிலத் தோல் துண்டொன்றை அரைத்து ஓடவிடுகிறார், மனிதக் கலத்தை அடுத்த குழியில் ஓடவிடுகிறார். திமிங்கிலக் கோடு மங்கல். சர்ட்-6 குறைவு என்று எழுதலாமா? பற்றிடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தாலே பிடி தளரலாம். புரதம் இரட்டிப்பாக இருந்தும் கோடு மங்கலாம். அதிலும் புரதத்தை வலிமையாக்கிய மாற்றங்களே பற்றிடத்தின் மேல் வந்து விழுந்திருந்தால், எந்த இனத்தில் சர்ட்-6 சிறப்பாக வேலை செய்கிறதோ அந்த இனத்தில்தான் பிறபொருளெதிரி அதைக் காணத் தவறும். ஆகவே முதல் வேலை கடலில் இல்லை. திமிங்கிலம், மனிதர், எலி மூன்றினதும் சர்ட்-6 சரங்களைக் கணினியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மூன்றிலும் ஓர் எழுத்தும் மாறாத பத்துப் பதினைந்து அமிலங்கள் கொண்ட ஒரு துண்டைக் கண்டுபிடித்து, அந்தத் துண்டுக்குப் புதிதாக ஒரு பிறபொருளெதிரி செய்வதற்குக் கொடுக்கவேண்டும்.